தியோடோர் பொவேரி

ஜெர்மனி தேசத்துப் பாம்பெர்க் நகரிலே, வைத்தியர் ஒருவரின் மைந்தராய், 1862-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் தியோடோர் பொவேரி பிறந்தார். இவருடைய சகோதரர் வால்ட்டர் சுவிட்ஸர்லாந்திலே மின்பொறித் தொழிற்சாலை நிறுவிப் பெரும்புகழ் எய்தினார். தியோடோரோ வெறுங்கண்ணுக்குப் புலனாகாத பொருள்களிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். மியூனிக் சர்வகலாசாலையிற் சரித்திரமும் தத்துவமும் பயிலப் புகுந்தவர், அவற்றை விடுத்து உயிர்நூலைப் பற்றினார். 1893-இல் வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். ஆங்கு ஆராய்ச்சி செய்ய அமெரிக்காவினின்றும் வந்த மார்ஸெல்லா ஓகிரேடி என்னும் அம்மையாரை 1897-இல் மணந்தார்.

உயிரணுவின் கருவிலுள்ள குரோமோசோம்கள் யாவும் ஒரு தன்மையனவோ, ஒவ்வொன்றும் தனக்கெனத் தொழிலுடையதோ என்பது அக்காலத்துத் தீராத வழக்கு. அதனைத் தீர்க்கப் பொவேரி நாடியது கடல் முள்ளெலியின் முட்டை. அது ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கே பருமனுள்ளது. 1901-02 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் கடலாராய்ச்சி நிலையத்திலே தம்பதிகள் இருவரும் இம்முயற்சியில் ஈடுபட்டனர்.

ஒரு முட்டையினுள் விந்தணு இரண்டு புகுமாயின், அது இரண்டாகப் பிளவாது ஒருங்கே நான்காகப் பிளக்கும். வாசிப்போர் ஈண்டுச் சற்றுக் கணக்கிடல் வேண்டும். முட்டைக்கு 18, விந்தணு ஒவ்வொன்றிற்கும் 18, ஆகக் குரோமோசோம்கள் 54. இவை இரட்டித்து 108 ஆகி, நான்கு உயிரணுக்களுக்குள் ஒழுங்கின்றிச் சிதறும். இக்கருக்கள் பெரும்பாலும் மடிந்தன. தொகை குறைந்தமையால் மடிந்தன என்னலாமோவெனின், ஆகாது. பதினெட்டே உடைய கருக்களும் செவ்வனே வளர்தலை அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். சுண்ணாம்புச் சத்தில்லாக் கடல்நீரிலிட்டு அந்நான்கையும் பிரித்தபோது, ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையாய் வளர்ந்து கெட்டது. முட்டைகளைக் குலுக்கி மூன்றாகப் பிளக்கச் செய்தபோதோ, நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பிழைத்தன. எண்ணிட்ட சிறு உருண்டைகளைத் தட்டிலே கொட்டிப் பங்கிட்டு, முழுத்தொகுதி வாய்ப்பது எத்துணை அரிதென்றும் பொவேரி அளந்தார். பேராசிரியர் ஒருவர் சிறுபிள்ளைபோல் உருண்டை உருட்டியதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மிகுகின்றது! குரோமோசோம்கள் தம்முள் வேறுபட்டன, அவற்றுள் ஒன்று குறையினும் கரு செவ்வனே வளராது என்னும் முடிபு இவ்வாறு பிறந்தது.

பாதித் தொகுதியோடு தொடங்கிய கரு இறுதிவரை பாதியோடே நிற்கும் என்பதையும் 1905-இல் வெளியிட்டார். ஒவ்வொரு பிளவிற்கும் முன்னர் ஒவ்வொரு குரோமோசோமும் ஒருமுறையே படியெடுக்கப்படும். குறைந்ததை ஈடு செய்யக் கரு அறியாது. அப்படியெடுத்தல் டி.என்.ஏ. என்னும் பொருளினது என்பது பிற்காலத்தார் கண்டது.

உடல்நலமோ இவர்க்கு நெடுங்காலமாகவே துணைநிற்கவில்லை. பெர்லினிற் புதிதாய் அமையவிருந்த கெய்ஸர் வில்லியம் உயிர்நூற் கழகத்தின் தலைமை தம்மை நாடிவந்தும், நோயினால் 1913-இல் மறுத்துவிட்டார். குரோமோசோம்கள் ஒழுங்கு குலைந்த உயிரணுவே புற்றுநோய்க் கட்டிக்கு வித்தாகலாம் என்று 1914-இல் ஒரு நூல் இயற்றினார். அது வெறும் ஊகமென்று பலர் ஒதுக்கினர். ஐரோப்பாவிற் போர்த்தீ மூண்டிருந்த 1915-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஐம்பத்துமூன்று வயது நிரம்பிய மூன்றாம் நாளில், வூர்ட்ஸ்பர்க்கிலே உயிர்நீத்தார். அந்நூலை மார்ஸெல்லா அம்மையாரே ஆங்கிலத்திற் பெயர்த்து 1929-இல் வெளியிட்டார்.