பாங்கு குமாஸ்தா செய்த காமிரா: ஜார்ஜ் ஈஸ்ட்மன் வரலாறு

கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறார்கள். குழந்தை தவழ்ந்தால் ஒரு போட்டோ. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் ஒரு போட்டோ. பறவையையும் பூவையும் படம் பிடிப்பதற்கென்றே காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறவர்களும் உண்டு. செல்போனிலேயே காமிரா வந்துவிட்ட பிறகு கேட்கவே வேண்டாம்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. படம் பிடிப்பது என்றால் அது ஒரு பெரிய வித்தை. பணமும் வேண்டும், பலமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். சாதாரணக் குடும்பத்தினர் கனவிலும் நினைக்க முடியாத காரியம்.

அதைச் சிறு பிள்ளையும் செய்யக்கூடிய காரியமாக மாற்றியவர் ஒரு பாங்கு குமாஸ்தா. அவர் பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். கோடக் காமிராவின் தந்தை அவர்தான்.

தந்தை இல்லாத பிள்ளை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்வில் என்று ஒரு சிற்றூர். ஈஸ்ட்மன் அங்கே 1854-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி பிறந்தார். அவருக்கு இரண்டு அக்காள்மார். தந்தை ராச்செஸ்டர் நகரில் வியாபாரக் கணக்கு கற்றுக்கொடுக்கும் கல்லூரி ஒன்றை நடத்தினார். குடும்பமும் அந்த நகருக்கே வந்து சேர்ந்தது.

1862-ல் தந்தை இறந்துவிட்டார். அப்போது ஈஸ்ட்மனுக்கு வயது 7. கல்லூரியும் போயிற்று, வருமானமும் போயிற்று.

தாயார் மரியா மனம் தளரவில்லை. வெளி ஆட்களைத் தம் வீட்டில் தங்கவைத்தார். அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, அதில் கிடைத்த பணத்தில் பிள்ளைகளை வளர்த்தார். இளைய மகள் கேட்டிக்கு இளம்பிள்ளைவாதம். சக்கர நாற்காலியில்தான் இருந்தாள். 1870-ல் அவளும் இறந்தாள்.

தாயார் படும் பாட்டைப் பார்த்த மகன் 14 வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் எடுபிடிப் பையன் வேலை. சம்பளம் வாரத்துக்கு 3 டாலர். பிறகு வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியில் 5 டாலர் கிடைத்தது. போதவில்லை. இரவில் வீட்டிலேயே கணக்குப் படித்தான். 1874-ல் ராச்செஸ்டர் சேவிங்ஸ் பாங்கில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 15 டாலர் ஆயிற்று.

போகாத பயணம்

ஈஸ்ட்மனுக்கு 23 வயது நடந்தது. விடுமுறையில் சாண்டோ டொமிங்கோ தீவுக்குப் போய் வரலாம் என்று திட்டம் போட்டார். போகிற இடத்தைப் படம் பிடித்து வரலாமே என்று பாங்கில் உடன் வேலை பார்த்தவர் யோசனை சொன்னார். சரி என்று காமிரா வாங்கினார். தொழில் தெரிந்த ஒருவரிடம் 5 டாலர் கட்டணம் கொடுத்துப் பாடமும் கேட்டார்.

அந்தக் காமிரா எப்படி இருந்தது தெரியுமா? ஒரு பெரிய மரப்பெட்டி. அதை நிறுத்தி வைக்கக் கனமான முக்காலி. பிலிம் கிடையாது. கண்ணாடி பிளேட்தான். கண்ணாடியின் மேல் ஒரு மருந்தைப் பூசவேண்டும். பிறகு வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி எடுக்கவேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் படம் எடுக்கவேண்டும். எடுத்த கையோடு இருட்டில் வைத்துக் கழுவவேண்டும். ஈரம் காய்ந்தால் பிளேட் பாழ். வெட்டவெளியில் இருட்டுக்கு எங்கே போவது? அதற்காக ஒரு கூடாரம். இவற்றோடு மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தொட்டிகள், தண்ணீர்க் குடம். படம் எடுக்கப் போகிறவர் குடித்தனத்தையே பெயர்த்துக்கொண்டு போகவேண்டும்!

கடைசியில் அவர் சாண்டோ டொமிங்கோவுக்குப் போகவே இல்லை. ஆனால் காமிராப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இத்தனை மூட்டை எதற்கு என்ற கேள்வி அவரை விடவில்லை.

சமையலறையில் ஆராய்ச்சி

ஜெலட்டின் என்ற பசையோடு வெள்ளி உப்பைக் கலந்து கண்ணாடியில் பூசினால், காய்ந்த பிறகும் படம் விழும் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதைப் படித்தார் ஈஸ்ட்மன். தாமே செய்து பார்க்கத் துணிந்தார்.

பகலெல்லாம் பாங்கு வேலை. இரவில் தாயாரின் சமையலறையில் மருந்து காய்ச்சும் வேலை. களைத்துப் போனால் அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியை விரித்துத் தூங்கிவிடுவார். விடிந்ததும் எழுந்து பாங்குக்கு ஓடுவார்.

3 ஆண்டுகள் இப்படிப் போயின. நல்ல உலர் பிளேட் கைக்கு வந்தது. ஏராளமான பிளேட்களில் மருந்து பூசும் இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். 1880-ல் ராச்செஸ்டரில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியை வாடகைக்குப் பிடித்துத் தொழிலைத் தொடங்கினார். கூட்டாளியாகச் சேர்ந்தவர் ஹென்றி ஸ்டிராங். குதிரைவண்டிச் சாட்டை செய்து விற்ற வியாபாரி. ஈஸ்ட்மனின் தாயார் வீட்டில் தங்கிச் சாப்பிட்டவர். மகனின் உழைப்பைக் கண்ணால் பார்த்தவர். 1881 ஜனவரியில் கம்பெனி பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஈஸ்ட்மன் பாங்கு வேலையை உதறினார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. கடைகளுக்கு அனுப்பிய பிளேட்கள் கெட்டுப்போயின. படம் விழவில்லை. ஈஸ்ட்மன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. கெட்ட சரக்கையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு நல்ல சரக்கு கொடுத்தார். கைப்பணம் கரைந்தது. ஆனால் கடைக்காரர்களின் நம்பிக்கை கரையவில்லை.

கோளாறு ஜெலட்டினில் இருந்தது. மாட்டுத் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுக்கும் பசை அது. ஒரு சமயம் நன்றாக வேலை செய்யும், இன்னொரு சமயம் கைவிட்டுவிடும். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. நெடுங்காலம் கழித்து, 1925 வாக்கில், ஈஸ்ட்மன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஷெப்பர்ட் என்ற விஞ்ஞானி ரகசியத்தைக் கண்டுபிடித்தார். மாடு கடுகுச் செடி போன்றவற்றைத் தின்றிருந்தால், அதிலுள்ள கந்தகச் சத்து ஜெலட்டினில் சிறிது தங்கிவிடுகிறது. அந்தச் சத்துதான் படத்தைத் தெளிவாக விழச் செய்கிறது! மாடு தின்ற தீனிக்கும் மனிதன் எடுக்கும் போட்டோவுக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

பொத்தானை அமுக்கினால் போதும்

உலர் பிளேட் வந்த பிறகும் கண்ணாடி கண்ணாடிதான். கனம். கீழே விழுந்தால் உடையும். அதற்குப் பதிலாகக் காகிதத்தில் மருந்து பூசி, சுருளாகச் சுற்றிக் காமிராவுக்குள் வைக்க வழி செய்தார் ஈஸ்ட்மன்.

1888-ல் கோடக் காமிரா விற்பனைக்கு வந்தது. கையில் பிடிக்கும் சிறு பெட்டி. விலை 25 டாலர். கயிற்றை இழுக்கவேண்டும், சாவியைத் திருப்பவேண்டும், பொத்தானை அமுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. உள்ளே 100 படங்களுக்குச் சுருள் இருந்தது. படங்கள் தோசைபோல வட்டமாக இருந்தன. 100 படம் எடுத்ததும் பெட்டியை அப்படியே ராச்செஸ்டருக்குத் தபாலில் அனுப்பவேண்டும். 10 டாலர் கட்டணம். படங்களைக் கழுவி, அச்சிட்டு, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டில்தான் ஈஸ்ட்மனின் மூளை தெரிகிறது. படம் எடுப்பது ஒரு வேலை, படத்தைக் கழுவுவது வேறு வேலை என்று இரண்டாகப் பிரித்தார். கடினமானதைத் தம் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டார். இன்பமானதை மக்களுக்கு விட்டார். அதுவரை ரசாயனம் தெரிந்தவரே படம் எடுக்க முடியும். அதன்பின் கண் உள்ளவர் எல்லாரும் எடுக்கலாம் என்று ஆயிற்று.

கோடக் என்ற பெயருக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. ஈஸ்ட்மனே படைத்த சொல் அது. ஆங்கில எழுத்துக்களில் கே என்ற எழுத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அந்த எழுத்தில் தொடங்கி அந்த எழுத்திலேயே முடியவேண்டும், சிறியதாக இருக்கவேண்டும், யாரும் தவறாகச் சொல்லக்கூடாது என்று தேடிப் பிடித்தார். தமிழ் நாக்கிலும் அது சிக்கவில்லை!

பாதிரியார் தொடுத்த சண்டை

ஈஸ்ட்மனின் வெற்றியில் ஒரு கறையும் உண்டு.

நியூஜெர்சி மாநிலத்தில் நூவார்க் நகரில் ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார் இருந்தார். மாதா கோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதக் கதைப் படங்களைக் காட்ட ஆசைப்பட்டார். கண்ணாடிப் படங்கள் உடைந்துபோயின. வளையக்கூடிய, கண்ணாடிபோலத் தெளிவான ஒரு பொருளைத் தேடினார். வீட்டு மாடியில் ஆராய்ச்சி செய்து செல்லுலாய்டு பிலிமைக் கண்டுபிடித்தார். 1887 மே மாதம் உரிமைப் பத்திரம் கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டார்.

ஈஸ்ட்மன் கம்பெனியின் ரசாயன நிபுணர் ரைக்கன்பாக்கும் அதேபோன்ற பிலிமைச் செய்தார். அவருக்கு 1889-லேயே உரிமை கிடைத்தது. முதலில் மனுப் போட்ட பாதிரியாருக்கோ 1898-ல்தான் கிடைத்தது. 11 ஆண்டு இழுபறி! அதற்குள் ஈஸ்ட்மனின் பிலிம் உலகெங்கும் பரவிவிட்டது. எடிசன் சினிமாப் படம் எடுத்ததும் அந்த பிலிமில்தான்.

குட்வின் சொந்தமாகத் தொழிற்சாலை அமைக்கப் பாடுபட்டார். நடக்கவில்லை. டிராம் விபத்தில் அடிபட்டு 1900 டிசம்பர் 31-ந் தேதி காலமானார். உரிமையைப் பெற்ற வேறொரு கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. கோர்ட்டு பாதிரியார் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1914-ல் ஈஸ்ட்மன் 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தார். பணம் வந்தது. உழைத்தவர் இல்லை.

போட்டிக் கம்பெனிகளை ஈஸ்ட்மன் விலைக்கு வாங்கி விழுங்கியதும் உண்மை. தொழிலை ஒரே கைக்குள் அடக்கப் பார்த்தது சட்டவிரோதம் என்று 1915-ல் அமெரிக்கக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தாராள மனசுக்காரர்தான். தொழில் போட்டி என்று வந்தால் அந்தத் தாராளம் அவரிடம் இருந்ததில்லை.

ஒரு டாலர் காமிரா

25 டாலர் என்பது அந்தக் காலத்தில் சிறு தொகை அல்ல. வாரம் 5 டாலர் வாங்கிய இன்சூரன்ஸ் பையன் ஐந்து வாரச் சம்பளத்தை அப்படியே கொடுத்தால்தான் ஒரு கோடக் கிடைக்கும்.

1900-ல் பிரௌனி வந்தது. அட்டையால் செய்த பெட்டி. விலை ஒரே ஒரு டாலர்! 6 படம் எடுக்கும் பிலிமுக்கு 15 சென்ட். குழந்தைக் கதைகளில் வரும் குட்டிப் பூதங்களின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிள்ளைகள் கையில் போய்ச் சேரட்டும் என்றே செய்த காமிரா அது. முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. எடுபிடிப் பையனின் 3 டாலர் சம்பளத்தில்கூட மூன்று பிரௌனி வாங்கலாம் என்று ஆயிற்று.

தாயாரும் மாளிகையும்

ஈஸ்ட்மன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயாரே அவருக்கு உலகம். 1905-ல் ராச்செஸ்டரில் பெரிய மாளிகை கட்டித் தாயாரைக் குடிவைத்தார். இரண்டே ஆண்டுகள்தான். 1907-ல் மரியா கண்ணை மூடினார். அன்று முழுவதும் மகன் அழுதுகொண்டே இருந்தார். அழுத்தமான மனிதர், யார் முன்னும் கலங்காதவர், சிறு குழந்தைபோல அழுதார்.

அந்த வீட்டில் தினமும் காலையில் அவர் பலகாரம் சாப்பிடும்போது ஒருவர் ஆர்கன் வாசிப்பார். ஆர்கன் இருந்த கூடத்தின் அளவு ஈஸ்ட்மனுக்குப் பிடிக்கவில்லை. 1919-ல் வீட்டை இரண்டாக வெட்டி, பின்பாதியை 9 அடி 4 அங்குலம் தள்ளி நிறுத்தி, நடுவே கூடத்தை அகலமாக்கினார்! பிடிவாதம் என்றால் இதல்லவா பிடிவாதம்.

பணத்தைச் சேர்த்தவர் அள்ளியும் கொடுத்தார். 1919-ல் கம்பெனியில் தமக்கிருந்த பங்கில் மூன்றில் ஒரு பகுதியைத் தொழிலாளிகளுக்கு எழுதிவைத்தார். அதன் மதிப்பு 1 கோடி டாலர். பாஸ்டன் பக்கத்திலுள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஸ்மித் என்ற பொய்ப் பெயரில் கோடிகளைக் கொடுத்தார். யார் அந்த ஸ்மித் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. 1920-ல்தான் உண்மை தெரிந்தது. நீக்ரோக்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்கள் படித்த டஸ்கிகீ, ஹாம்ப்டன் கல்விநிலையங்களுக்கும் வாரி வழங்கினார். ராச்செஸ்டரில் இசைக் கல்லூரி அமைத்தார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியசாலை திறந்தார். லண்டன், பாரிஸ், ரோம் நகரங்களிலும் அவர் பணத்தில் பல் வைத்தியசாலைகள் எழுந்தன. மொத்தம் கொடுத்தது 10 கோடி டாலருக்கு மேல்.

கடைசி நாட்கள்

முதுமையில் முதுகுத்தண்டில் நோய் கண்டது. நடை தளர்ந்தது. எப்போதும் ஏதாவது செய்துகொண்டே இருந்தவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. 1932 மார்ச் 14-ந் தேதி சில நண்பர்களை அழைத்து, உயிலில் செய்த திருத்தத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். தம் வேலை முடிந்துவிட்டது என்ற கருத்தில் நண்பர்களுக்கு ஒரு சிறு சீட்டு எழுதி வைத்திருந்தார். அவருக்கு வயது 77. மனைவி இல்லை, மக்கள் இல்லை. வருந்தத்தக்க முடிவு.

அஸ்தியைக் கோடக் தொழிற்சாலை வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

பிலிமே இல்லாத மின்னணுக் காமிராவை 1975-ல் முதன்முதல் செய்தவரும் கோடக் கம்பெனி எஞ்சினீயர்தான். ஆனால் கம்பெனி பிலிமை விட மனமின்றி இருந்துவிட்டது. அந்தக் காமிராவே பிலிம் வியாபாரத்தைச் சாய்த்தது. 2012-ல் கோடக் கடன் தாங்காமல் கோர்ட்டுப் படி ஏறியது. மறு ஆண்டு சிறிய கம்பெனியாக மீண்டு வந்தது.

ஈஸ்ட்மனின் மாளிகை 1949-ல் போட்டோக் கலைப் பொருட்காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. வெட்டி அகலப்படுத்திய அந்தக் கூடமும் அங்கேதான் இருக்கிறது.