தெரிந்த சொல்லே வாசல்: வீரமாமுனிவர்

பட்டுத் தறியில் பழைய பாவு தீரும் தறுவாயில், அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதை நம் காஞ்சி மக்கள் அறிவர். பழைய இழையே புதிய இழையைத் தறிக்குள் இழுத்துச் செல்கிறது. புதுச் சொல்லும் நம் நினைவில் இவ்வாறே ஏறுகிறது. இதை வாழ்ந்து காட்டிய பெருந்தகை வீரமாமுனிவர்.

கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் இயற்பெயருடைய இவர், புனித ஞானப்பிரகாசியாரைத் தந்த இத்தாலியக் காஸ்திலியோனே நகரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். மதுரை மறைபரப்புத் தளத்திற்கு 1711-இல் வந்தபோது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில் புதுமொழி கற்பது எளிதன்று. ஆனால் அவர் வெறுங்கையோடு வரவில்லை. இலத்தீன் இலக்கணம் அவருக்குத் தெரியும். பெயரின் ஈறு மாறினால் பொருள் மாறும் என்பதை அறிந்தவருக்குத் தமிழின் வேற்றுமை உருபுகள் முற்றிலும் அந்நியமாகா. தமக்குப் பின்வரும் குருக்களுக்காகப் பேச்சுத்தமிழ் இலக்கணத்தையும் அவர் இலத்தீனிலேயே எழுதினார். அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

புனித சூசையப்பரைப் பாடும் தேம்பாவணியை 1726-இல் முடித்த முனிவர், 1732-இல் சதுரகராதியை அளித்தார். அதுவரை தமிழ்ச் சொற்பொருளை அறிய, செய்யுளாக அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்யவேண்டும். முனிவரோ சொற்களை அகர வரிசைப்படுத்தி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாசல்களைத் திறந்தார். தெரிந்த சொல்லின் பல பொருள்களை ஒன்றில் காணலாம். யானையை அறிந்தவன் களிறு, வேழம் முதலிய பெயர்களை அடைவதுபோல, ஒரு பொருளின் பல பெயர்களை இன்னொன்றில் காணலாம். ஐம்பொறி போன்ற தொகைகளுக்கு ஒன்று. எதுகையால் இணைந்த சொற்களுக்கு ஒன்று. 1747-இல் முனிவர் மறைந்தார். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

அன்பான பங்கு மக்களே, நம் பிள்ளைகள் செபங்களைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள்; பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். குறை அவர்களுடையதன்று. நாமும் பல்லாண்டுகள் மனப்பாடம் மட்டுமே கேட்டுவந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மறை என்னும் ஒரு சொல்லை விளக்கிவிட்டால் மறையுரை, மறைக்கல்வி, மறைசாட்சி யாவும் அதன் பின்னே வந்து நிற்கும். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பிள்ளைகளோடு பேசுங்கள். புரிந்து சொல்லும் செபம் மறவாது. இறைவன் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!