காய்ச்சலின் காரணம் தேடிய டாக்டர் டொனோவன்

மருத்துவ நூல்களில் ஒரு கிருமியின் பெயரோடு இன்றளவும் நினைக்கப்படும் டாக்டர் சார்லஸ் டொனோவன், 1863-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ் வம்சத்தவர். அயர்லாந்தில் மருத்துவம் பயின்று, 1891-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார்.

நாட்பட்ட காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் மெலிந்த உடலுமாக வருவோர்க்கெல்லாம் மலேரியா என்று கூறிக் குயினின் கொடுப்பது அக்கால வழக்கம். பலருக்கு அது பலிக்கவில்லை, மடிந்தனர். மருந்து பலிக்காதபோது விதியின்மீது பழிசுமத்தி ஒதுங்குவது எளிது. டொனோவனோ, நோய்க்கு இட்ட பெயரே தவறோ என ஐயுற்றார். இறந்தோரின் மண்ணீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, மலேரியாக் கிருமியை ஒவ்வாத முட்டைவடிவ நுண்ணுருக்கள் தென்பட்டன.

அத்தகைய உருக்களைக் குறித்து லீஷ்மன் என்னும் இராணுவ மருத்துவர் எழுதிய கட்டுரை 1903 மே மாதம் லண்டனில் வெளியாயிற்று. அவர் கண்டது இறந்த போர்வீரர் ஒருவரின் உடலில். டொனோவன் அவ்வாண்டே, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த இரத்தத்தில் அவற்றைக் கண்டறிந்தார். நோயாளி உயிருடன் இருக்கும்போதே காலா அசார் நோயை உறுதிசெய்யும் வழி இவ்வாறு பிறந்தது. ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து அக்கிருமிக்கு லீஷ்மேனியா டொனோவனி எனப் பெயரிட்டார். ஆயினும் முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு ஓயவில்லை. அறிஞர்களையும் அது விடுவதில்லை போலும்!

ஏற்ற மருந்தைக் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-களில் அளித்தார். அன்று மண்ணீரலைத் துளைத்துத் தேடிய நோயை, இன்று விரல்நுனி இரத்தத்தை ஒரு சோதனைப் பட்டையில் இட்டு அரைமணிக்குள் அறியலாம்.

எல்லாக் கிருமிகளும் இவ்வளவு விரைவில் அகப்படுவதில்லை. தொற்றை எதிர்க்கும் உடல் கட்டுமீறித் தன் உறுப்புகளையே சிதைக்கும் செப்சிஸ் நிலையில், இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ஓரிரு நாட்களேனும் ஆகும். நோயாளிக்கோ மணிக்கணக்கே அவகாசம். ஆகவே மருத்துவர்கள் முதலில் இரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வருமுன்னரே மருந்தைத் தொடங்குகின்றனர். காய்ச்சலோடு மூச்சிரைப்பு, நினைவுத் தடுமாற்றம், சிறுநீர் குறைதல் கண்டால் விடியட்டும் எனக் காத்திராமல் அரியலூருக்கு விரைய வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாளையும், கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரையையும் மறையாது சொல்ல வேண்டும். முன்பே உண்ட ஆன்டிபயாட்டிக், பரிசோதனையில் கிருமி தென்படாதவாறு செய்துவிடக்கூடும்.

டொனோவன் பின்னர் இராயப்பேட்டை மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கினார். ஓய்வு நேரங்களில் நீலகிரியில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்து வந்தார். 1919-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்று, 1951-இல் காலமானார்.