முட்டைகளைத் தேடிச் சென்ற மருத்துவர்

அண்டார்க்டிகாவின் பேரரசப் பெங்குவின்கள் கடுங்குளிர்காலத்தில் குஞ்சு வளர்ப்பதைக் காட்டும் பிரெஞ்சு ஆவணப்படம் ஒன்று 2005-ஆம் ஆண்டு வெளிவந்து, மறு ஆண்டில் ஆஸ்கர் விருதும் பெற்றது. லூக் ஜாக்கே இயக்கிய அந்தப் படத்தையோ, பின்னர் வந்த தொலைக்காட்சித் தொடர்களையோ பார்த்தவர்களுக்கு அப்பறவையின் வாழ்க்கை பழகிப்போன செய்தி. பெண் பறவை ஒரே ஒரு முட்டையிட்டுவிட்டு இரை தேடிக் கடலுக்குச் செல்கிறது. ஆண் பறவை அம்முட்டையைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்தி, ஏறக்குறைய 65 நாள்கள் அடைகாக்கிறது. இணை சேர வந்த நாள் முதல் கணக்கிட்டால், நான்கு மாதங்கள் வரை அது உணவின்றி நிற்கிறது.

நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இவற்றில் எதையும் உலகம் அறிந்திருக்கவில்லை. பேரரசப் பெங்குவின் குளிர்காலத்தின் நடுவில்தான் முட்டையிடுகிறது என்று கணித்து, பின்னர் அந்த இருளுக்குள் நடந்து சென்று அதை நேரில் கண்டவர் எட்வர்டு வில்சன். ராபர்ட் ஸ்காட்டுடன் தென்துருவம் சென்று மீளாதவர்களுள் ஒருவர் என்பதாக மட்டுமே பெரும்பாலோர் அவரை நினைவில் வைத்திருக்கின்றனர்.

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில், மருத்துவர் ஒருவரின் மகனாக 1872-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று வில்சன் பிறந்தார். இளமையிலேயே பறவைகளின் பின்னால் அலைந்தார். எவரிடமும் முறையாகப் பயிலாமல் ஓவியம் வரையக் கற்றுக்கொண்டார். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்று முதல் வகுப்பில் தேறி, லண்டனில் மருத்துவம் படித்தார். அப்போதே பாட்டர்சீ குடிசைப் பகுதியில் தம் கல்லூரி நடத்திய சமயத் தொண்டுப் பணியிலும் ஈடுபட்டார். 1898-இல் அவரைக் காசநோய் பற்றியது. நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் ஓய்வெடுத்துத் தேறிய பின், 1900-இல் மருத்துவரானார்.

நுரையீரலில் தழும்பு கொண்ட அந்த மனிதர்தாம் அடுத்த ஆண்டே ஸ்காட்டின் 'டிஸ்கவரி' கப்பலில் துணை மருத்துவராகவும் விலங்கியலாளராகவும் ஓவியராகவும் அண்டார்க்டிகா புறப்பட்டார். ஒரியானா சூப்பருடன் அவருக்குத் திருமணம் நடந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன.

1902-ஆம் ஆண்டு அக்டோபரில், ராஸ் தீவின் கிழக்குக் கோடியில் உள்ள குரோசியர் முனையில், கடற்பனியின் மேல் பேரரசப் பெங்குவின்களின் குடியிருப்பு ஒன்றை அப்பயணக் குழுவினர் கண்டனர். அங்கே அவர்கள் பார்த்தவை முட்டைகளல்ல, குஞ்சுகள். மறு ஆண்டு முன்கூட்டியே, செப்டம்பரில், வில்சன் அங்கு சென்றார். அப்போதும் குஞ்சுகள் பொரிந்திருந்தன. நாள்களைப் பின்னோக்கி எண்ணியபோது, முட்டையிடும் காலம் சூரியன் தலைகாட்டாத நடுக்குளிர்காலம் என்ற முடிவுக்கு அவர் வர நேர்ந்தது. கோடையின் இறுதிக்குள் குஞ்சு தானே கடலில் இரை தேடும் அளவுக்கு வளர்ந்தாக வேண்டும். அதற்காகவே அப்பறவை ஆண்டின் மிகக் கொடிய பருவத்தில் தன் கடமையைத் தொடங்குகிறது.

நாடு திரும்பிய வில்சன் பெங்குவின்களைப் பற்றிய விரிவான அறிக்கையை எழுதினார். ஸ்காட்லாந்தின் வேட்டைப் பறவையான க்ரௌஸ் நோயுற்று மடிவதற்கான காரணத்தை ஆராயும் குழுவின் களப்பணியாளராகச் சில ஆண்டுகள் உழைத்தார். ஷாக்கிள்டன் தம் பயணத்துக்கு அழைத்தபோது, ஏற்றுக்கொண்ட இந்தப் பணியை விட்டுவிட்டு வர அவர் இசையவில்லை. 1910-இல் ஸ்காட் மீண்டும் புறப்பட்டபோதுதான், அறிவியல் குழுவின் தலைவராக உடன் சென்றார்.

அவருக்கு இப்போது வேண்டியிருந்தது கரு வளரும் நிலையில் உள்ள முட்டை. ஓர் உயிரினத்தின் கரு தன் முன்னோர்களின் வடிவங்களைக் கடந்துதான் வளர்கிறது என்ற எர்ன்ஸ்ட் ஹேக்கலின் கோட்பாடு அக்காலத்தில் செல்வாக்குடன் இருந்தது. பேரரசப் பெங்குவின் பறவைகளுள் மிகப் பழைமையானது என்றும் கருதப்பட்டது. அதன் கருவை ஆராய்ந்தால், ஊர்வனவற்றின் செதில் இறகாக மாறிய கதை புலப்படும் என வில்சன் நம்பினார்.

1911-ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று, ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கரார்டு ஆகிய இருவருடன் எவன்ஸ் முனையிலிருந்து அவர் கிளம்பினார். 300 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை இரண்டு சறுக்கு வண்டிகளில் மனித வலுவாலேயே இழுத்தனர். பனி மணலைப் போல் வண்டியைப் பிடித்துக்கொண்டதால், ஒரு வண்டியைச் சிறிது தொலைவு இழுத்துவிட்டு மற்றதற்காகத் திரும்பி நடக்க வேண்டியிருந்தது. வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கியது. வியர்வை உடையிலேயே உறைந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டரைக் கடக்க 19 நாள்கள் ஆயின.

குரோசியர் முனையில் அவர்கள் கண்டவை சுமார் நூறு பறவைகள். முட்டையை இழந்த சில பறவைகள், முட்டை வடிவில் உருண்ட பனிக்கட்டிகளைப் பாதங்களின் மேல் ஏந்தி நின்றன. ஐந்து முட்டைகளை எடுத்தனர். இரண்டு வழியிலேயே உடைந்தன. பின்னர் எழுந்த புயல் கூடாரத்தைத் தூக்கிச் சென்றது. கல் அடுக்கி எழுப்பிய சிறு குடிலின் கூரைத்துணியும் கிழிந்து பறந்தது. உறங்கு பைகளுக்குள் பனி மூடக் கிடந்தனர். அன்று வில்சனின் 39-ஆவது பிறந்தநாள். புயல் ஓய்ந்தபின் கூடாரம் சரிவின் கீழே அகப்பட்டதால்தான் உயிர் மீண்டது. ஆகஸ்ட் 1 அன்று மூன்று முட்டைகளுடன் திரும்பினர்.

மூன்று மாதங்களில் தென்துருவப் பயணம் தொடங்கியது. 1912 ஜனவரி 17 அன்று ஸ்காட்டின் ஐவர் குழு துருவத்தை அடைந்தபோது, அமுண்ட்சென் ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்கு முன்பே அங்கு வந்து சென்றிருந்தார். திரும்பும் வழியில், உடல் நலிந்து உணவு குறைந்துவரும் வேளையிலும், பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் வில்சன் பாறை மாதிரிகளைச் சேகரித்தார். மார்ச் இறுதியில் ஸ்காட், பவர்ஸ் ஆகியோருடன் அவர் கூடாரத்தில் இறந்தார். உணவுக் கிடங்கு சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நவம்பரில் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது, 16 கிலோ கற்களும் கூடவே கிடைத்தன.

அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் என்னும் தொல்தாவரத்தின் இலைப் படிவங்கள் இருந்தன. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் கிடைக்கும் அதே தாவரம். இக்கண்டங்கள் ஒருகாலத்தில் ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. நம் நாட்டின் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரால் கோண்ட்வானா என்று வழங்கப்படும் பெருநிலம் அது.

முட்டைகளின் கதையோ வேறு. 1913-இல் செர்ரி-கரார்டு அவற்றை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தபோது வரவேற்பு இருக்கவில்லை. ஆய்வு முடிவு 1934-இல்தான் வெளிவந்தது. அதற்குள் ஹேக்கலின் கோட்பாடு மதிப்பிழந்திருந்தது. கருக்கள் புதிதாகப் பெரிதாக எதையும் உணர்த்தவில்லை. பேரரசப் பெங்குவின் பறவைகளுள் மூத்ததும் அன்று.

வரவு-செலவுக் கணக்கில் பார்த்தால் இது முழு இழப்பு. மூன்று உயிர்களைப் பணயம் வைத்த பயணம் ஒரு தவறான கோட்பாட்டுக்காக நடந்தது. ஆயினும் அறிவின் கணக்கு அப்படி முடிவதில்லை. தேடிப் போனது பொய்த்தது. பறவை எப்போது முட்டையிடுகிறது, எந்தப் பனியை நம்பி வாழ்கிறது என்று வழியில் கற்றது நிலைத்தது. வழியில் ஓரமாகப் பொறுக்கிய கற்கள், பூமியின் வரலாற்றுக்கே சான்றாயின. எந்த ஆய்வு பயன் தரும் என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கு மட்டும் பணம் ஒதுக்கும் இன்றைய போக்கில், வில்சனின் இரண்டு சேகரிப்புகளில் எதற்கு நிதி கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த அறிவு இன்று அவசரத் தேவையாகியுள்ளது. குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் வரை, அதாவது டிசம்பர், ஜனவரி வரை, காலடியில் கடற்பனி நிலைத்திருக்க வேண்டும். 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசென் கடலின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில் பனி முன்னதாகவே உடைந்து, அவ்வாண்டின் குஞ்சுகள் அனைத்தும் அழிந்திருக்கக்கூடும் என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் கண்டனர். குளிரையும் பட்டினியையும் வெல்லத் தெரிந்த பறவைக்கு, வெப்பத்தை வெல்லும் வழி தெரியாது. அந்த வெப்பத்தைக் கூட்டுவது அதன் குளிர்காலத்தை ஒருபோதும் கண்டிராத நாம்தான். குறைக்க வேண்டியதும் நாமே.