ஆட்கொல்லிகளை சாய்த்த '405' துப்பாக்கி!

ஓசூரை அடுத்த ஜவளகிரி காடு. ஆட்கொல்லிப் பெண்புலிக்கு பயந்து மலைக்கிராம மக்கள் நடுங்கிக் கிடந்தார்கள். அதை தீர்த்துக்கட்டியவர் பெங்களூர் கென்னத் ஆண்டர்சன்.

1910-ல் பிறந்த இவர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கையில் எப்பவும் வின்செஸ்டர் 1895 மாடல், .405 ரக துப்பாக்கி. மகாராஜாக்கள் விரும்பிய இரட்டைக்குழல்ல ரெண்டே தோட்டாதான். இதிலோ உள்ளே 4 தோட்டா. அடியில் இருக்கும் நெம்புகோலைத் தள்ளி இழுத்தா அடுத்த தோட்டா ரெடி! குண்டு சுமார் 19 கிராம். ரொம்ப தூரத்துக்கு சரிப்படாது. கிட்டத்தில் பாயும் புலிக்கு ஒண்ணே போதும். குறி தப்பினாலும் அடுத்தது கைவசம்.

1972-ல் வேட்டைக்கு தடை வந்தது. 1974-ல் ஆண்டர்சன் காலமானார். புலிகளைச் சுட்ட அவரே, காட்டையும் விலங்குகளையும் காப்பாத்தணும்னு எழுதியது குறிப்பிடத்தக்கது.