தந்தை ஆசிரியரான பிள்ளை

ஜோன் ஸ்ருவாட் மில் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் மூன்றாம் வயதிலே கிரேக்க மொழியையும், எட்டாம் வயதிலே இலத்தீனையும், பன்னிரண்டாம் வயதிலே தருக்க நூலையும் கற்கத் தொடங்கினார் என்பதைப் பலரும் வியந்து கூறுவர். அவ்வியப்போடு நின்றுவிடின் அவர் சரித்திரத்தின் பாதியையே அறிந்தவராவோம். இத்தனையும் கற்ற பிள்ளை இருபதாம் வயதில் மனமுடைந்தது என்பதும், அதனைச் சொல்லி ஆறுதற்கு ஒருவரையும் காணாது தவித்தது என்பதும் மற்றப் பாதியாம்.

மில் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர். தந்தையார் ஜேம்ஸ் மில் ஸ்கொத்லாந்து தேசத்தவர்; எழுத்தினால் வந்த சிறு வருவாய்கொண்டு பெருங் குடும்பத்தைத் தாங்கியவர். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாது தாமே ஆசிரியராயினார்.

பிரித்தானிய இந்தியாவின் சரித்திரத்தைத் தந்தையார் எழுதிய அதே மேசையிலிருந்துதான் பிள்ளை கிரேக்கம் படித்தது. கிரேக்கச் சொற்களுக்கு அக்காலத்து அகராதிகள் இலத்தீனிலேயே பொருள் கூறின; பிள்ளைக்கோ இலத்தீன் தெரியாது. ஆதலால் அறியாத சொல் வருந்தோறும் தந்தையாரைக் கேட்டது. நிகண்டு கல்லாதவன் இலக்கியம் படிக்கப் புகுந்தால் அருகிருக்கும் ஆசிரியர் படும் பாட்டை யான் நன்கறிவேன். பொறுமை இயல்பிலே வாய்க்காத ஜேம்ஸ் மில், பல்லாண்டு உழைத்த பெருநூலின் நடுவே இவ்விடையூற்றைப் பொறுத்தார். அவர்மீது பின்னே குறை கூறப் போகின்றேனாதலின் இதனை முன்னரே சொல்லிவைக்கின்றேன். பிள்ளைக்குத் தம் நேரத்தை இவ்வளவு ஈந்த தந்தையர் அரியர்.

காலையுணவுக்கு முன் இருவரும் பசுமையான சாலைகளில் உலாவச் செல்வர். முதனாட் படித்தவற்றைக் கடதாசித் துண்டுகளிற் குறித்து வைத்திருந்து பிள்ளை ஒப்புவிக்கும். வெறும் நெட்டுரு தந்தையாருக்குப் பிடிக்காது. காரணமும் விளக்கமும் சொல்லவேண்டும். எட்டு வயது முதல் தன்பின் பிறந்தோருக்குக் கற்பிக்கும் கடமையும் சேர்ந்தது. அவர்கள் பாடம் பிழைத்தாற் பொறுப்பு இப்பிள்ளையுடையது. எங்கள் திண்ணைப் பள்ளிகளிலும் சட்டாம்பிள்ளை இருந்தான். ஆயின் அவனுக்கு மாலையானால் விளையாட்டுண்டு. மில்லுக்கு விடுமுறையே இல்லை. பிற சிறுவரோடு பழகினால் மகன் கெடுவான் என்று தந்தையார் அஞ்சினார். அதனால் ஒத்த வயதுத் தோழரையறியாமலும், கைத்திறன் வேண்டிய சிறு காரியங்களிலே தடுமாறியும் மில் வளர்ந்தார்.

1820இல், பதினான்காம் வயதில், அவர் பிரான்சுக்குப் புறப்படுமுன் ஹைட் பூங்காவில் உலாவுகையிலே தந்தையார் ஓர் அறிவுரை கூறினார். ஏனைய சிறுவர் அறியாத பலவற்றை மகன் அறிந்திருப்பது அவன் பெருமையன்று. கற்பிக்கும் ஆற்றலும் விருப்பமுமுள்ள தந்தை வாய்த்த பேறே என்பது அதன் கருத்து. செருக்கு வாராமற் காத்தமை நன்றே. ஆயினும், தனதென்று தன்னிடம் ஒன்றுமில்லை என்ற எண்ணமும் உடன் விதைக்கப்பட்டதோ என்று யான் ஐயுறுகின்றேன்.

1823இல் கிழக்கிந்தியக் கம்பெனியில், தந்தையாரின் கீழ், அலுவலில் அமர்ந்தார். 1826ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலே, தாம் கருதிய சீர்திருத்தங்கள் யாவும் ஒருங்கே நிறைவேறினால் மகிழ்ச்சி உண்டாகுமோ எனத் தம்மைத்தாமே வினாவினார். இல்லையென்றே நெஞ்சு விடை சொல்லிற்று. அன்றுமுதல் உலகம் சுவையற்றதாயிற்று. வழக்கம்போல் வேலை செய்தார். ஆயின் உள்ளே ஒன்றுமில்லை. துன்பத்தைச் சொல்லத் தகாதவருள் முதல்வராகத் தந்தையாரே அவருக்குத் தோன்றினார். சொற்பொருளை ஆயிரம் முறை கேட்ட பிள்ளையால் இதனை ஒருமுறை சொல்ல முடியவில்லை! நுண்ணறிவுடைய பிள்ளைகளை என்னிடம் அழைத்துவரும் பெற்றோர் அடுத்துக் கற்பிக்கத்தக்க நூல் யாதென்றே கேட்பர். அப்பிள்ளைக்குத் துயரம் வந்தால் யாரிடம் போகும் என்று கேட்டவரை யான் இன்னுங் கண்டிலேன்.

மாதங்கள் சில சென்றபின், மார்மொந்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பைத் தற்செயலாகப் படித்தார். தந்தையை இழந்த சிறுவன், குடும்பத்தாருக்குத் தானே எல்லாமாவேனென்று உறுதிகொள்ளும் இடத்திலே அவருக்குக் கண்ணீர் பெருகிற்று. உணர்ச்சி மாளவில்லை என்று கண்டார், பாரம் குறைந்தது. 1828இல் வேட்ஸ்வேத்தின் கவிதைகளும் மருந்தாயின. பின்னர் ஹரியற் ரெயிலர் என்னும் அம்மையாரின் நட்பு வாய்த்தது. 1851இல் அவரை மணந்தார். 1859இல் சுதந்திரத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும், 1867இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் பாராளுமன்றத்தில் வாதாடியதும் உலகறிந்தவை.

மில் 1873ஆம் ஆண்டு மே மாதத்தில் அவிஞ்ஞோனில் இறந்தார். அவ்வாண்டே அவர்தம் சுயசரிதை வெளிவந்தது. தந்தையார் அதில் நிறைந்து நிற்கின்றார். தாயாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் எழுதிப் பின் நீக்கிய பக்கங்களில் மட்டும், அன்பு ததும்பும் தாய் வாய்த்திருந்தால் தந்தையாரும் மாறியிருப்பார், பிள்ளைகளும் அன்பறிந்து வளர்ந்திருப்பர் என்னும் கருத்துக் காணப்படுகின்றது. கடுமையான கணவரோடு வாழ்ந்து ஒன்பது பிள்ளைகளை வளர்த்த அவ்வம்மையார்மீது இக்குறையைச் சுமத்தியது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.