பொதுமொழி கண்ட மருத்துவர்

மண்ணை வெல்லப் படை நடத்தியவர்களை வரலாறு நிறையவே அறியும். மனிதர்க்கிடையே நின்ற சுவரை அகற்ற இலக்கணம் எழுதியவர் ஒருவரும் உண்டு. அவர் மன்னரல்லர், பல்கலைக்கழகப் பேராசிரியருமல்லர். ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கண் வைத்தியம் பார்த்து வந்த மருத்துவர். எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியைப் படைத்த லுட்விக் சாமன்ஹாஃப் அவர்களே அப்பெருமகனார்.

நான்கு மொழி பேசிய நகரம்

சாமன்ஹாஃப் 1859ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பியாலிஸ்டாக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று போலந்து நாட்டில் இருக்கும் அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தை மொழியாசிரியர். ஊரிலோ ரஷ்யர், போலந்தியர், ஜெர்மானியர், யூதர் என நான்கு இனத்தார் வாழ்ந்தனர். நால்வருக்கும் நான்கு மொழிகள். ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்தனர். மனிதர் யாவரும் உடன்பிறந்தோர் என்று வீட்டில் கற்பித்தார்கள். தெருவில் இறங்கிய சிறுவன் கண்டதோ வசையும் கல்லெறியும்தான்.

அக்கால ஐரோப்பாவில் இரண்டு பெரும் ஆற்றல்கள் ஒரே வேளையில் வளர்ந்தன. ஒருபுறம் புகைவண்டியும் நீராவிக் கப்பலும் தந்தியும் நாடுகளை நெருங்கி வரச் செய்தன. மறுபுறம், ஓர் இனத்துக்கு ஒரு மொழி, ஒரு நாடு என்னும் எண்ணம் ஓங்கியது. 1861இல் இத்தாலி ஓர் அரசாயிற்று. 1871இல் ஜெர்மனி ஒரு பேரரசாயிற்று. 1863இல் கிளர்ந்தெழுந்த போலந்து மக்களை ரஷ்யா அடக்கி, அவர்களுடைய பள்ளிகளில் ரஷ்ய மொழியைப் புகுத்தியது. தேசிய உணர்வு அடிமைப்பட்டவர்க்கு விடுதலை வேட்கையாக இருந்தது; ஆள்பவர் கையில் அதுவே சாட்டையாக மாறியது. இவ்விரண்டையும் இளமையிலேயே கண்டவர் சாமன்ஹாஃப்.

பெயர்ப்பலகை தந்த பாடம்

குடும்பம் வார்சா நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளி மாணவராக இருந்தபோதே எல்லார்க்கும் பொதுவான மொழி ஒன்றை ஆக்க வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். முதலில் லத்தீன், கிரேக்க மொழிகளுக்குப் புத்துயிர் தரலாமா என்று எண்ணினார். அவற்றின் கடுமை எளியவர்க்கு ஆகாது என்று கைவிட்டார். ஆயிரக்கணக்கான சொற்களை மக்கள் எவ்வாறு மனப்பாடம் செய்வர் என்பதே பெரும் சிக்கலாக நின்றது. ஒருநாள் தெருவில் இரண்டு பெயர்ப்பலகைகளைக் கண்டார். வாயிற்காவலர் அறைக்கும் மிட்டாய்க் கடைக்கும் உரிய ரஷ்யச் சொற்கள் இரண்டும் ஒரே விகுதியில் முடிந்திருந்தன. சிக்கல் தீர்ந்தது. சில வேர்ச்சொற்களும் சில ஒட்டுகளும் போதும். மற்றச் சொற்களைப் பேசுவோரே ஆக்கிக்கொள்ளலாம்!

அவர் மொழியில் ‘சானா’ என்றால் உடல்நலமுள்ள என்று பொருள். முன்னே ‘மல்’ சேர்த்தால் ‘மல்சானா’, நோயுற்ற. ‘மல்சானுலோ’ நோயாளி. ‘மல்சானுலேயோ’ மருத்துவமனை. ஒரு வேரிலிருந்து ஒரு குடும்பமே பிறக்கிறது. பெயர்ச்சொற்கள் எல்லாம் ஓகாரத்தில் முடியும். பெயரடைகள் ஆகாரத்தில் முடியும். விதிவிலக்கு இல்லாத பதினாறு விதிகளில் இலக்கணம் அடங்கிவிட்டது.

1878 டிசம்பரில் பள்ளித் தோழர்களோடு தம் மொழியின் பிறப்பை அவர் கொண்டாடினார். மருத்துவப் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சிய தந்தை அதனை ஒதுக்கி வைக்கச் சொன்னார். மகனும் கீழ்ப்படிந்து மாஸ்கோ சென்று மருத்துவம் பயின்றார்.

தன்னினமா, மன்னுயிரா?

1881இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து யூதர்கள் மீது வன்முறை வெடித்தது. வார்சா திரும்பிய சாமன்ஹாஃப் தம் இன மக்களின் தேசிய இயக்கத்தில் முனைந்து ஈடுபட்டார். தாழ்வாக எண்ணப்பட்ட இத்திஷ் மொழிக்கு இலக்கணமும் எழுதினார். ஆயினும் சில ஆண்டுகளில் அவ்வியக்கத்திலிருந்து விலகினார். தம் மக்களின் துயர் தனித்து நின்று தீராது, இனப்பகை என்னும் நோயே ஒழிய வேண்டும் என்பது அவர் முடிவு. இதனால் தம்மவர் சிலரின் மனக்கசப்பையும் அவர் தாங்க நேர்ந்தது.

கண் மருத்துவரான பின் 1887 ஜூலையில் தம் முதல் நூலை ரஷ்ய மொழியில் வெளியிட்டார். அச்சுச் செலவுக்கு மாமனார் பணம் உதவினார். நூலில் தம் பெயரை இடாமல், நம்பிக்கையுடைய மருத்துவர் என்னும் பொருள்படும் ‘டோக்டோரோ எஸ்பெராண்டோ’ என்ற புனைபெயரை இட்டார். அப்பெயரே மொழிக்கும் பெயராயிற்று. ஒரு கோடிப் பேர் உறுதி தந்தால் நானும் இம்மொழியைக் கற்பேன் என்று ஒப்பமிடும் சீட்டுகளையும் நூலில் இணைத்திருந்தார். ஒரு கோடி எங்கே! திரும்பி வந்தவை ஆயிரம் அளவே. கையிருப்பு கரைந்தது. பிழைப்புக்காக ஊர் ஊராக மாறினார். இறுதியில் வார்சாவின் ஏழை யூதர் பகுதியில் குடியேறி, பகலில் கண் நோயாளரையும் இரவில் கடிதங்களையும் கவனித்தார்.

1905இல் பிரான்சின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. 20 நாடுகளிலிருந்து 688 பேர் வந்தனர். மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒருவரோடொருவர் பேசினர். அங்கே சாமன்ஹாஃப் மொழியின் மீது தமக்கிருந்த உரிமை அனைத்தையும் துறந்தார். எந்த நாட்டுத் தாய்மொழியையும் அகற்றுவது எஸ்பெராண்டோவின் நோக்கமன்று என்றும் மாநாடு அறிவித்தது. ஆனால் அவ்விழாவிலும் ஒரு முள் இருந்தது. அவர் யூதர் என்பது வெளியே தெரியாதிருப்பதே நல்லது என்று பிரெஞ்சு நண்பர்கள் சிலர் கருதினர். ஒற்றுமைக்கு மொழி தந்தவர் தம் பிறப்பை மறைக்க வேண்டுமாம்! எத்துணைக் கொடுமை!

மறு ஆண்டு ஜூனில் அவர் பிறந்த பியாலிஸ்டாக்கிலேயே 80க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் ஜெனீவா மாநாட்டு மேடையில் அவர் அதை மறைக்கவில்லை. தம் ஊரின் கொடுமையை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். மொழி வெறும் வணிகக் கருவியாக மட்டும் நின்றுவிடக் கூடாது என்று வலியுறுத்தினார்.

போரும் மறைவும்

1914இல் பாரிசு மாநாட்டுக்குப் புறப்பட்ட அவர் ஜெர்மனியின் கொலோன் நகரை அடைந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. மாநாடு நின்றது. சுவீடன், பின்லாந்து வழியாகச் சுற்றி அரும்பாடுபட்டு வீடு திரும்பினார். இதயம் நலிந்த நிலையிலும் 1915இல் அரசதந்திரிகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒவ்வொரு நாடும் அதில் வாழும் எல்லா மக்களுக்கும் சம உரிமையோடு சொந்தமாக வேண்டும் என்பதே அதன் சாரம். போர் முடிவதைக் காணாமலே 1917 ஏப்ரல் 14ஆம் நாள் மறைந்தார்.

அவர் கனவை வெறிகொண்ட தேசியம் மன்னிக்கவில்லை. மகன் ஆதாம் 1940இல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் சோஃபியாவும் லிடியாவும் 1942இல் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் மாண்டனர். ஸ்டாலின் ஆட்சியிலும் எஸ்பெராண்டோ அன்பர்கள் வேட்டையாடப்பட்டனர்.

அவர் தோற்றாரா?

உலகின் பொதுமொழி என்னும் இடத்தை எஸ்பெராண்டோ பெறவில்லை. அவ்விடத்தைப் பெருமளவு ஆங்கிலமே பெற்றிருக்கிறது. அதன் பரவலுக்குப் பின்னே பேரரசும் வணிகமும் இருந்தன. சாமன்ஹாஃபிடம் பதினாறு விதிகளே இருந்தன. எனினும் அந்த மொழி சாகவில்லை. நூற்றாண்டைக் கடந்தும் அதைப் பேசுவோர் கூடி வருகின்றனர். அவர் எழுப்பிய வினாவும் சாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இன்று 24 ஆட்சிமொழிகளை வைத்துக்கொண்டு அதே வினாவுக்குத்தான் விடை தேடுகிறது.

வீட்டில் ஒரு மொழியும் ஆய்வுக்கூடத்தில் வேறொரு மொழியுமாக வாழும் என்னைப் போன்ற மாணவர்க்கு அவர் வாழ்வு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பொதுமொழி வேண்டும், ஆனால் அது எவர் நாவையும் வெட்டி வரக் கூடாது. தாய்மொழிப் பற்று வேண்டும். ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரர் மீது எறியும் கல்லாகக் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வது அரிது. அந்த அரிய செயலை ஒரு கண் மருத்துவர் தம் வாழ்நாள் முழுதும் செய்தார். மனிதர் கண்ணில் படர்ந்த பகைப் புரையை நீக்க முயன்ற அம்மருத்துவரின் பெயர் வாழ்க!